டீசல் வேனுக்கு எந்த ஆயில்? கவுன்டரில் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

ஈரோட்டில் ஸ்பேர்ஸ் கடை வைத்திருக்கிறேன். கவுன்டருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வேன்காரர்கள்: ஸ்கூல் வேன், டூரிஸ்ட் வேன், மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றுகிற வேன். மே மாதம் ஸ்கூல் வண்டிகளை ஆர்டிஓ ஆய்வுக்குக் கொண்டுபோகும் நேரத்திலும், கார்த்திகையில் சபரிமலை ட்ரிப் தொடங்கும்போதும் ஆயில் வாங்கக் கூட்டம் சேரும். ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. கூட்டத்துக்கு நடுவில் யாருக்கும் முழுசாகப் பதில் சொல்ல முடியவில்லையே என்பது எனக்கு நெடுநாள் குறை. அதனால் அவரவர் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைக் குறித்து வைத்து, நிதானமாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணா, வேனுக்கு ஒரு நல்ல ஆயிலா குடுங்க.

என்ன வண்டி, எந்த வருஷம், தினமும் எப்படி ஓடுது? இந்த மூன்றும் தெரியாமல் யாராலும் நல்ல ஆயிலை எடுத்துக் கொடுக்க முடியாது. ஒரு வண்டிக்கு நல்லதாக இருக்கும் ஆயில் இன்னொன்றுக்குக் கெடுதலாகலாம். அது எப்படி என்று பிஎஸ்-6 (பிஎஸ் என்பது வண்டிப் புகைக்கு அரசு வைத்த தர வரிசை) கேள்வியில் சொல்கிறேன்.

டப்பாவில் பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று 15டபிள்யூ-40 என்பது போன்ற கிரேடு. இன்னொன்று சிஹெச்-4, சிஐ-4 என்பது போன்ற தரக்குறி. கம்பெனிப் பெயர் மூன்றாவதுதான். சர்வோ, மேக், ஹெச்பி, காஸ்ட்ரால், கல்ஃப், வால்வோலின் என்று எல்லாக் கம்பெனியும் பல கிரேடில் பல தரத்தில் ஆயில் போடுகிறது. "சர்வோ குடுங்க" என்று மட்டும் கேட்டால், மளிகைக் கடையில் போய் "அரிசி குடுங்க" என்று கேட்டது போல. இட்லி அரிசியா, சாப்பாட்டு அரிசியா என்று கடைக்காரர் திருப்பிக் கேட்கத்தானே செய்வார்?

15டபிள்யூ-40ன்னா என்னங்க? 15 எதோட நம்பரு, 40 எதோட நம்பரு?

டபிள்யூ என்றால் வின்டர், அதாவது குளிர்காலம். 15டபிள்யூ என்று எழுத வேண்டுமானால் மைனஸ் 20 டிகிரி குளிரிலும் இன்ஜின் சுற்றுகிற அளவுக்கு அந்த ஆயில் இளக்கமாக இருக்க வேண்டும். 20டபிள்யூவுக்கு இந்தச் சோதனை மைனஸ் 15 டிகிரியில், 5டபிள்யூவுக்கு மைனஸ் 30 டிகிரியில். ஊட்டியில் ஜனவரி விடியற்காலையில்கூடப் பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் குளிர் இறங்கும். ஆகவே வண்டி ஸ்டார்ட் ஆகுமா என்ற கவலை நமக்கு இல்லை. ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளில் ஆயில் எவ்வளவு சீக்கிரம் மேலே ஏறுகிறது என்பதில்தான் இந்த முன் நம்பருக்கு வேலை.

பின்னால் உள்ள 40, சூடான இன்ஜினுக்கான நம்பர். 100 டிகிரி சூட்டில் ஆயிலின் கெட்டித்தன்மையை சென்டிஸ்டோக் என்ற அளவில் அளப்பார்கள். 12.5 முதல் 16.3க்குள் இருந்தால் 40. அதற்குக் கீழே 9.3 வரை 30. மேலே 21.9க்குள் 50. சூடானால் ஆயில் கெட்டியாகும் என்று சிலர் நினைக்கிறார்கள். எந்த ஆயிலும் சூட்டில் இளகத்தான் செய்யும். 40 ஆயில், இளகினாலும் அந்த எல்லைக்குள் நிற்கும் என்பதற்குத்தான் அந்த நம்பர்.

கிரேடு புரிஞ்சுதுங்க. சிஹெச்-4, சிஐ-4ன்னு போட்டிருக்கே, அது எதுக்கு?

அது ஏபிஐ எனப்படும் அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பின் தரக்குறி. 'எஸ்' என்று தொடங்கினால் பெட்ரோல் இன்ஜின், 'சி' என்று தொடங்கினால் டீசல். கடைசியில் வரும் 4, நாலு ஸ்ட்ரோக் இன்ஜினைக் குறிக்கும். நடுவில் உள்ள எழுத்துதான் தரம். சிஎஃப்-4 வந்தது 1990இல், சிஹெச்-4 1998இல், சிஐ-4 2002இல், சிகே-4 2016 கடைசியில். புது எழுத்து வரவர கரியைத் தாங்குவது, தேய்மானத்தைத் தடுப்பது, சூட்டில் கெடாமல் நிற்பது எல்லாம் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் வந்ததும் ஆயிலில் கரி அதிகம் சேர ஆரம்பித்தது. அதைத் தாங்குவதற்காகத்தான் சிஐ-4.

எஃப்ஏ-4 என்று ஒரு குறி இருக்கிறது. அது சில புதிய வெளிநாட்டு லாரி இன்ஜின்களுக்கான இளக்கமான ஆயில். புத்தகத்தில் அந்தப் பெயரே இருந்தால் தவிர நம் வேனுக்கு வேண்டாம்.

வண்டியோட புக்கு தொலைஞ்சு போச்சுங்க. எனக்கு எதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

ஆர்சியைப் பாருங்கள். வண்டி தயாரான மாதமும் வருடமும் இருக்கும், புது ஆர்சி என்றால் பிஎஸ் எத்தனை என்பதும் இருக்கும். நாடு முழுக்க பிஎஸ்-3 வந்தது 2010இல், பிஎஸ்-4 2017 ஏப்ரலில், பிஎஸ்-6 2020 ஏப்ரல் 1இல். சென்னை போன்ற பெரிய நகரங்களில் பிஎஸ்-3, பிஎஸ்-4 இரண்டுமே அதற்கு முன்பே வந்துவிட்டன.

பொதுவான கணக்கு இது. பம்ப் வைத்த பழைய இன்ஜின், அதாவது பழைய டெம்போ டிராவலர், குட்டி யானை இன்ஜினிலேயே வந்த டாடா மேஜிக் போன்றவை என்றால் 15டபிள்யூ-40, சிஎஃப்-4க்குக் குறையாமல். சிஹெச்-4 கிடைத்தால் இன்னும் நல்லது. காமன் ரயில் (டீசலை ஒரு பொதுக் குழாயில் அழுத்தி வைத்து, கம்ப்யூட்டர் சொல்படி தெளிக்கும் முறை) வைத்த பிஎஸ்-3, பிஎஸ்-4 வேன்களுக்கு 15டபிள்யூ-40 சிஐ-4. சில மாடலுக்கு 10டபிள்யூ-30 அல்லது 5டபிள்யூ-30 கேட்பார்கள். பிஎஸ்-6 வண்டிக்கு மட்டும் பொதுக் கணக்கு போடவே கூடாது. சேஸிஸ் நம்பரைச் சொல்லி ஷோரூமில் கேளுங்கள், பெரும்பாலும் போனிலேயே சொல்லிவிடுவார்கள். மாடலின் புத்தகத்தைப் பல கம்பெனிகள் தங்கள் இணையதளத்திலும் போட்டு வைத்திருக்கின்றன.

கம்பெனி 15டபிள்யூ-40ங்கறான், மெக்கானிக் 20டபிள்யூ-50 ஊத்துனாத்தான் இன்ஜின் நிக்கும்ங்கறாரு. நம்மூரு வெயிலுக்குக் கெட்டி ஆயில்தானே நல்லது?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். மெக்கானிக் சொல்வதில் ஒரு நியாயம் இருந்தது. முன்பெல்லாம் ஒற்றை கிரேடு ஆயிலை ஊற்றி, லோடு ஏற்றி, ரேடியேட்டர் கொதித்து வழியோரம் நின்ற வண்டிகளைப் பார்த்து வளர்ந்தவர் அவர். ஆனால் வெயிலுக்கும் இன்ஜினுக்குள் இருக்கும் ஆயில் சூட்டுக்கும் நாம் நினைக்கிற அளவு சம்பந்தம் இல்லை. வேலூரில் 42 டிகிரி அடித்தாலும் குன்னூரில் 12 டிகிரி இருந்தாலும், தெர்மோஸ்டாட் கூலன்ட்டை 80, 90 டிகிரி பக்கமே பிடித்து வைக்கும். ஆயில் அதற்குக் கொஞ்சம் மேலே 100ஐ ஒட்டி இருக்கும். 40 என்ற நம்பரை 100 டிகிரியில் அளக்கிறார்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். நம் ஊர் வெயில் அந்தக் கணக்குக்கு உள்ளேயே அடங்கிவிடுகிறது.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவையும் ஆள் நிறைத்துக்கொண்டு இரண்டாவது கியரில் ஏறும்போது ஆயில் சூடு 100ஐத் தாண்டத்தான் செய்யும். அந்தச் சூட்டில் பேரிங்குக்கு நடுவில் நசுங்கும்போதும் ஆயில் படலம் அறுந்துவிடக் கூடாது என்று 15டபிள்யூ-40க்குத் தனிச் சோதனையே உண்டு. அதில் தேறாமல் அந்தப் பெயரை டப்பாவில் போட முடியாது.

தேவைக்கு மேல் கெட்டியான ஆயில் ஊற்றினால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் வால்வு பக்கம் போய்ச் சேரத் தாமதமாகும். தேய்மானத்தில் பெரும்பகுதி அந்த நேரத்தில்தான் நடக்கிறது. மைலேஜும் கொஞ்சம் குறையும். மீட்டரில் பிரஷர் அதிகமாகக் காட்டுவதை வைத்து இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று எண்ண வேண்டாம். கெட்டி ஆயில் சுலபமாக ஓடாததால்தான் அந்த முள் மேலே நிற்கிறது. தேய்ந்துபோன பழைய இன்ஜினுக்கு மட்டும் 20டபிள்யூ-50 சில மாதம் கைகொடுக்கும். அதை ஆயில் குடிப்பது பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

பிஎஸ்-6 வண்டிக்குப் பழைய ஆயிலையே ஊத்துனா என்ன ஆயிடும்? அதுவும் டீசல் ஆயில்தானே?

இன்ஜின் ஓடும். கெடுவது சைலன்ஸர் பக்கம். பெரும்பாலான பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் டிபிஎஃப் என்ற புகை வடிகட்டி இருக்கிறது. தேன்கூடு மாதிரி நுண்ணிய துளைகள் உள்ள பீங்கான் கட்டி அது. டீசல் எரிந்த கரி அதில் தங்கும். ஓரளவு சேர்ந்ததும் வண்டியே உள்ளே சூட்டை ஏற்றி அந்தக் கரியை எரித்துக்கொள்ளும். இதை ரீஜெனரேஷன் என்கிறார்கள்.

கரி எரிந்துவிடும், சாம்பல் எரியாது. ஆயிலில் அமிலத்தை முறிக்கவும் தேய்மானத்தைத் தடுக்கவும் கால்சியம், மெக்னீசியம், துத்தநாகம் கலந்த ரசாயனங்களைச் சேர்க்கிறார்கள். எந்த இன்ஜினும் துளி ஆயிலையாவது எரிக்கும். அப்போது இந்த உலோகங்கள் சாம்பலாகிப் போய் வடிகட்டியில் உட்கார்ந்துகொள்ளும், திரும்ப வராது. பழைய தர ஆயிலில் இந்தச் சாம்பல் அதிகம். சிகே-4இல் அதற்கு 1 சதவீதம் என்றும், ஐரோப்பிய ஏசிஇஏ சி3 தரத்தில் 0.8 சதவீதம் என்றும் வரம்பு கட்டியிருக்கிறார்கள். வரம்பை மீறிய ஆயிலை ஊற்றினால் அன்றைக்கே ஒன்றும் தெரியாது. போகப்போக இழுவை குறையும், லைட் எரியும், ரீஜெனரேஷன் அடிக்கடி நடக்கும், கடைசியில் டிபிஎஃப்பையே மாற்றச் சொல்வார்கள். லிட்டருக்குச் சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்தவர் அந்த பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை. தயவுசெய்து இந்த ஓரிடத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

அப்ப பிஎஸ்-6க்கு யூரியா ஊத்தறமே, அதுவும் ஆயிலா?

இல்லை. அது யூரியா 32.5 சதவீதமும் மீதி சுத்தமான தண்ணீரும் கலந்த திரவம், புகைக்குழாயில் தெளிப்பதற்கு. அதற்கென்று தனி டேங்க், பெரும்பாலும் நீல மூடி போட்டிருக்கும். ஆயிலிலோ டீசல் டேங்கிலோ தவறிக் கொட்டிவிட்டால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

மறுபக்கமா கேக்கறேன். பழைய வேனுக்கு இந்தப் புது சிகே-4 ஊத்தலாமா?

கிரேடு சரியாக இருந்தால் ஊற்றலாம். சிஹெச்-4, சிஐ-4 கேட்கும் இன்ஜினுக்கு சிகே-4 பொருந்தும் என்று ஏபிஐயே சொல்கிறது. ஒரு காலத்தில் இதில் ஒரு சிக்கல் இருந்தது. டீசலில் கந்தகம் அதிகமாக இருந்தால் எரியும்போது அமிலம் உண்டாகும். அதை முறிக்கும் சக்தி சாம்பல் குறைந்த ஆயிலில் கொஞ்சம் கம்மி. பிஎஸ்-3 காலத்து டீசலில் பத்து லட்சத்துக்கு 350 பங்கு வரை கந்தகம் இருக்கலாம், பிஎஸ்-4இல் 50. இன்றைக்கு பெட்ரோல் பங்கில் கிடைக்கும் டீசலில் 10தான். பழைய வேனும் அதே டீசலைத்தான் குடிக்கிறது. அதனால் அந்தப் பயம் இப்போது வேண்டாம்.

ஆனால் பழைய பம்ப் இன்ஜினுக்கு அந்தக் கூடுதல் காசு அவசியமா என்றால், என் அபிப்பிராயத்தில் இல்லை. சிஹெச்-4 அல்லது சிஐ-4 வாங்கி நாள் தவறாமல் மாற்றினால் போதும்.

வீட்ல பைக் ஆயில் ஒரு லிட்டர் மிச்சம் இருக்குங்க. அதுவும் 20டபிள்யூ-40தானே?

கிரேடு கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது வேறு. பைக்கில் கிளட்ச், கியர், இன்ஜின் மூன்றும் ஒரே ஆயிலில் ஓடுகின்றன. கிளட்ச் வழுக்காமல் இருக்க வேண்டும் என்பது அந்த ஆயிலின் முக்கியக் கவலை. டீசல் கரியைச் சுமக்கும் வேலைக்கு அதைத் தயாரிக்கவில்லை. பெட்ரோல் கார் ஆயிலும் இப்படித்தான். எஸ்என் என்பதோடு சிஎஃப் என்றும் சேர்த்துப் போட்டிருந்தால்கூட அந்த சிஎஃப் 1994ஆம் வருடத்துத் தரம்.

இரவு நேரம், நடுக்காட்டில் ஆயில் லைட் எரிகிறது, வேறு எதுவும் கிடைக்கவில்லை என்றால் அரை லிட்டர் ஊற்றிப் பக்கத்து ஊர் வரை வாருங்கள். ஆயிலே இல்லாமல் ஓட்டுவதற்கு அது மேல். ஊர் வந்ததும் முழு ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.

தோட்டத்துல டிராக்டருக்கு வாங்குன பக்கெட் ஆயில் இருக்கு, 20 லிட்டர். அதுல இருந்து வேனுக்கு எடுத்துக்கலாமா?

பக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. டிராக்டருக்கு மூன்று வகை ஆயில் வருகிறது. இன்ஜின் ஆயில், கியர்-ஹைட்ராலிக்-பிரேக்குக்கு மட்டுமான ஆயில், எல்லாவற்றுக்கும் சேர்த்த பொது ஆயில். இரண்டாவது வகையை எந்த வேன் இன்ஜினிலும் ஊற்றக் கூடாது. பக்கெட் ஒரே நிறமாக இருப்பதால் இது அடிக்கடி மாறிப்போகிறது. இன்ஜின் ஆயில்தான் என்று உறுதியாகத் தெரிந்து, கிரேடும் தரக்குறியும் பழைய வேனுக்குப் பொருந்தினால் தாராளமாக ஊற்றலாம். பிஎஸ்-6 வேனுக்கு வேண்டாம்.

டிப்ஸ்டிக் பாக்கறப்ப ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு காட்டுது. எப்படிப் பாக்கறது சரி?

சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து 10 நிமிடம் பொறுங்கள். மேலே போன ஆயில் சம்ப்புக்கு, அதாவது அடியில் உள்ள ஆயில் தொட்டிக்கு, இறங்க அவ்வளவு நேரம் வேண்டும். குச்சியை உருவித் துடைத்து, முழுசாக இறக்கி, மறுபடி எடுத்துப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவில், மேல் கோட்டை ஒட்டி இருந்தால் நல்லது. மேல் கோட்டைத் தாண்ட விடாதீர்கள். தினம் ஓடும் வேனுக்கு வாரம் ஒருமுறை பார்ப்பது போதும், மலை ட்ரிப் கிளம்பும் முன் கட்டாயம்.

ஆயில் மாத்தி ரெண்டே நாள்ல கருப்பாயிடுச்சு. டூப்ளிகேட் குடுத்துட்டீங்களா?

டீசல் இன்ஜினில் நல்ல ஆயில் கருப்பாகத்தான் ஆகும். உள்ளே தேங்கிய பழைய ஆயிலின் மிச்சமும் புதுக் கரியும் சேர்ந்து சில நூறு கிலோமீட்டரிலேயே நிறம் மாறிவிடும். கரியை ஓரிடத்தில் படிய விடாமல் மிதக்க வைத்துச் சுமப்பது ஆயிலின் வேலை. 5,000 கிலோமீட்டர் ஓடியும் தேன் நிறத்திலேயே ஆயில் இருந்தால் அந்தக் கரி எங்கே போய்ப் படிந்தது என்றுதான் நான் யோசிப்பேன்.

கவலைப்பட வேண்டிய நிறம் வேறு. பால் கலந்த காபி மாதிரி ஆனால் கூலன்ட் கலந்திருக்கிறது, ஹெட் கேஸ்கட்டையோ ஆயில் கூலரையோ பார்க்க வேண்டும். வண்டியை எடுக்காதீர்கள். விரலில் தேய்த்தால் நறநறவென்று மணல் மாதிரி இருந்தாலும், வெளிச்சத்தில் உலோகத் தூள் மினுங்கினாலும் அப்படியே.

எல்லாரு வண்டிலயும் ஆயில் குறையுது, என் வண்டில ஏறிட்டே போகுதுங்கண்ணா. நல்லதுதானே?

நல்லதில்லை. ஸ்கூல் வேன் ஓட்டும் ஒரு அக்கா இப்படித்தான் சந்தோஷமாக வந்து சொன்னார். கடை வாசலில் வைத்தே குச்சியைத் துடைத்து இறக்கி எடுத்தேன். மேல் கோட்டுக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்கு ஈரம். ஆயில் என்றால் குச்சி முனையில் தேங்கி, நூல் மாதிரி இழுத்துக்கொண்டு விழும். இது தண்ணீர்ச் சொட்டு மாதிரி உடனே விழுந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் டீசல் வாசம்.

அவருடையது பிஎஸ்-6 வண்டி. தினம் தெருத்தெருவாக நின்று நின்று போகும் சின்ன ட்ரிப்தான் ஓட்டம். டிபிஎஃப் கரியை எரிக்க வண்டி கூடுதலாக டீசலைத் தெளிக்கும். பாதியில் இன்ஜினை அணைத்தால் சூடேறும் வேலை முடிவதில்லை, அடுத்த ட்ரிப்பில் மறுபடி தெளிக்கும். அதில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கிக்கொண்டே இருக்கிறது. இளகிய ஆயில் பேரிங்கைக் காக்காது. அளவு ரொம்பவும் ஏறினால் இன்ஜின் தன் ஆயிலையே இழுத்து எரித்துக்கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் வேகமெடுக்கிற ஆபத்தும் இருக்கிறது. அன்றைக்கே ஆயில் மாற்றினோம். இப்போது வாரம் ஒருநாள் பிள்ளைகளை இறக்கிவிட்டு, பெருந்துறை பைபாஸில் அரை மணி நேரம் ஒரே சீரான வேகத்தில் ஓட்டிவிட்டு வருகிறார். அளவு ஏறுவது நின்றுவிட்டது.

பழைய வண்டியில் இப்படி ஏறினால் இன்ஜெக்டர் ஒழுக்கா அல்லது டீசல் பம்ப் கசிவா என்று பாருங்கள். வாசம் இல்லாமல் நிறம் மாறியிருந்தால் மேலே சொன்ன கூலன்ட் கதை.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்தணும்? ஒவ்வொருத்தரும் ஒவ்வொன்னு சொல்றாங்க.

பழைய வேன்களுக்கு 5,000 முதல் 10,000 வரை, புதிய மாடல் சிலவற்றுக்கு 20,000 வரைகூடப் புத்தகத்தில் இருக்கும். ஆனால் அதே வரியில் 'அல்லது இத்தனை மாதம், எது முந்துகிறதோ' என்றும் எழுதியிருக்கும். அந்தப் பாதியை யாரும் படிப்பதில்லை. ஸ்கூல் வேன் தினம் 40 கிலோமீட்டர் ஓடுகிறது, பள்ளி 200 நாள் சொச்சம் என்றால் வருடத்துக்கு 9,000ஐத் தொடுவதே கஷ்டம். கிலோமீட்டர் ஆகவில்லை என்று இரண்டு வருடம் ஒரே ஆயிலில் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். ஓடாமல் நின்றாலும் ஆயில் ஈரத்தை இழுக்கும், அமிலம் சேரும். வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றுங்கள். மே மாத ஆய்வோடு சேர்த்து வைத்துக்கொண்டால் மறக்காது.

ஏசி போட்டு மணிக்கணக்கில் நிற்கும் டூரிஸ்ட் வேனில் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். வண்டி நிற்கிறது, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு மணி நேர ஐடிலை நான் 40 கிலோமீட்டராகக் கணக்கு வைக்கச் சொல்வேன்.

ஆயில் ஃபில்டரை ஒரு தடவை விட்டு ஒரு தடவை மாத்துனா போதாதா?

போதாது. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் இன்ஜின் காய்ந்துவிடக் கூடாது என்று ஒரு பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலையே மேலே அனுப்பும். வெளியில் ஒன்றும் தெரியாது. புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் துளி ஆயில் தடவி, கையாலேயே இறுக்குங்கள். டிரெய்ன் போல்ட் வாஷரும் புதுசு போடுங்கள். ஒழுகிற வண்டிகளில் பலவற்றுக்குக் காரணம் பத்துத் தடவை நசுங்கிய அந்த வாஷர்தான்.

டர்போ வண்டிய நிறுத்துனதும் ஆஃப் பண்ணக் கூடாதுங்கறாங்க. அதுக்கும் ஆயிலுக்கும் என்ன சம்பந்தம்?

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றக்கூடியது. அது மிதப்பதே ஆயில் படலத்தில்தான். மலை ஏறி வந்த கையோடு இன்ஜினை அணைத்தால் ஆயில் வரத்து நின்றுவிடும். டர்போ சூடு மட்டும் இருக்கும். உள்ளே தங்கிய ஆயில் கருகிப் பொருக்காகி வழியை அடைக்கும். ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். காலையில் எடுக்கும்போதும் ஸ்டார்ட் ஆனதுமே ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள்.

டூப்ளிகேட் ஆயிலை எப்படிக் கண்டுபிடிக்கறது?

சில வருடம் முன்பு ஒரு சப்ளையர் வழக்கத்தை விடக் குறைந்த விலைக்கு ஒரு பெட்டி கொண்டுவந்தார். டப்பா அசல்தான். மூடியின் கீழ் வளையத்தில் ஸ்க்ரூடிரைவர் முனை பட்ட மாதிரி மூன்று கீறல். மூடியைத் திறந்தால் ஈயத்தாள் சீல் ஒரு பக்கம் சுருங்கி, விளிம்பில் பசை பிதுங்கி நின்றது. டப்பாவில் அடித்த பேட்ச் நம்பரும் அட்டைப் பெட்டியில் இருந்ததும் வேறு வேறு. காலி டப்பாவைப் பழைய இரும்புக் கடையில் வாங்கி, எதையோ நிரப்பியிருக்கிறார்கள். பெட்டியைத் திருப்பி அனுப்பினேன்.

நீங்களும் இந்த மூன்றையும் பாருங்கள்: வளையம், சீல், பேட்ச் நம்பர். க்யூஆர் கோடு இருந்தால் ஸ்கேன் செய்யுங்கள். பில் வாங்குங்கள். ஆயில் மாற்றி முடித்ததும் காலி டப்பாவின் வாயில் ஸ்க்ரூடிரைவரால் ஓட்டை போட்டு, லேபிளைக் கிழித்துவிட்டுப் போடுங்கள். நாம் ஓட்டை போடாமல் தூக்கிப் போடும் டப்பாவில்தான் டூப்ளிகேட் திரும்பி வருகிறது.

சிந்தடிக் ஊத்துனா பழைய வண்டில ஒழுகும்ங்கறாங்களே?

சிந்தடிக், அதாவது ரசாயன முறையில் பக்குவப்படுத்திய ஆயில், புது ஓட்டை போடாது. ஏற்கெனவே காய்ந்து வெடித்த சீலில் அழுக்குதான் அடைப்பாக நின்றிருக்கும். நல்ல ஆயில் அந்த அழுக்கைக் கழுவும்போது ஒழுக்கு வெளியே தெரியும். டர்போ காமன் ரயில் வண்டிக்கும், 5டபிள்யூ-30 கேட்கும் வண்டிக்கும் சிந்தடிக் கொடுக்கிற காசுக்கு உழைக்கும். பழைய பம்ப் இன்ஜினுக்கு மினரல் (கச்சா எண்ணெயை வடித்த சாதாரண ஆயில்) 15டபிள்யூ-40 போதும்.

டாப்-அப் பண்ண அதே கம்பெனி கிடைக்கலைன்னா வேற கம்பெனி கலக்கலாமா?

கிரேடும் தரக்குறியும் ஒன்றாக இருந்தால் கலக்கலாம். பால் திரிவது மாதிரி எதுவும் திரியாது, மினரலோடு சிந்தடிக்கும் கலக்கும். இரண்டில் தரம் குறைந்தது எதுவோ அதன் கணக்கில் மாற்றும் தேதியை வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி ஆயில் குடிக்குது. எவ்வளவு வரைக்கும் பரவால்லங்க?

மேல் கோட்டிலிருந்து கீழ் கோட்டுக்கு வர எத்தனை கிலோமீட்டர் ஆகிறது என்று முதலில் எழுதி வையுங்கள். அடுத்த சர்வீஸ் வரை ஊற்றாமல் வந்தால் விட்டுவிடலாம். 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டரைத் தாண்டினால் காரணம் தேடுங்கள், ஒரு லிட்டரைத் தொட்டால் இன்ஜினைப் பிரிக்கும் செலவுக்குத் தயாராகுங்கள். முதலில் வெளியே ஒழுக்கு உண்டா என்று அடியில் அட்டை விரித்துப் பாருங்கள். அடுத்து ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். புஸ்புஸ் என்று புகை தள்ளினால் பேக் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் ரிங் தேய்ந்து எரிந்த புகை கீழே இறங்குகிறது. இறக்கத்தில் வந்துவிட்டு ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது மட்டும் நீலப் புகை வந்தால் வால்வு சீல். டர்போ சீலும் காரணமாகலாம்.

ரிங் வேலைக்குப் பணம் புரள மூன்று மாதம் ஆகும் என்றால், பழைய பம்ப் இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றி அதுவரை ஓட்டலாம். குடிப்பது கொஞ்சம் குறையும், தேய்மானம் நிற்காது. டிபிஎஃப் உள்ள வண்டியில் அந்த வழியும் கிடையாது, எரிகிற ஒவ்வொரு சொட்டும் வடிகட்டியில் சாம்பலாகப் போய்ச் சேரும்.

ஆயிலோட சேத்து ஊத்தற டானிக் டப்பா விக்கறீங்களே, அது வேணுமா?

கேட்கிறவர்களுக்கு மட்டும் வைத்திருக்கிறேன், நானாக யாருக்கும் எடுத்து நீட்டுவதில்லை. ஆயில் கம்பெனி அளந்து சேர்த்த ரசாயனங்களோடு இன்னொன்றைக் கலந்து அந்த அளவைக் குலைக்க வேண்டியதில்லை. அந்தக் காசுக்கு ஃபில்டர் மாற்றுங்கள்.

மாத்துன பழைய ஆயில என்ன பண்றது? சென்ட்ரிங் பலகைக்குத் தடவக் கேக்கறாங்க.

பழைய ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு. அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைக்குத்தான் போக வேண்டும். பெரிய ஒர்க்‌ஷாப்களில் பேரலில் சேர்த்து அவர்களுக்குக் கொடுக்கிறார்கள், அங்கே கொண்டுபோய் ஊற்றிவிடலாம். சாக்கடையிலோ கிணற்று மேட்டிலோ கொட்டவே கூடாது. சென்ட்ரிங் வேலைக்குக் கொடுத்தால் அது கூலியாட்களின் கையில் நாள் முழுக்க ஊறும். திரும்பத் திரும்பத் தோலில் படுவது புற்றுநோய் வரை கொண்டுபோகும். ஆயில் மாற்றும் மெக்கானிக் தம்பிகளும் கையுறை போடுங்கள், கருப்புத் துணியைப் பேன்ட் பாக்கெட்டில் சொருகி வைக்காதீர்கள்.

செகண்ட் ஹேண்ட்ல வேன் வாங்கிருக்கேன். உள்ள என்ன ஆயில் இருக்குன்னே தெரியல, 'இப்பத்தான் மாத்துனது'ன்னு வித்தவர் சொல்றாரு.

அந்த வார்த்தையை ஒதுக்கிவிட்டு முதல் வேலையாக ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். விற்கும் முன் புகையை மறைக்க 20டபிள்யூ-50 ஊற்றி வைப்பது இந்தத் தொழிலில் நடப்பதுதான். சரியான கிரேடை ஊற்றிய பிறகுதான் இன்ஜினின் உண்மை நிலை தெரியும். இன்ஜின் சூடாக இருக்கும்போது டிரெய்ன் போல்ட்டைக் கழற்றி, வெள்ளை டப்பாவில் ஒரு குவளை பிடித்து, முன்பு சொன்ன நிறமும் வாசமும் மினுக்கும் பாருங்கள். பழைய ஃபில்டரை அறுத்துக் காகித மடிப்பை விரித்தால், அதில் ஒட்டியிருக்கும் தூள் வித்தவர் சொல்லாததையும் சொல்லும்.

ஃப்ளஷிங் ஆயில் ஊற்ற வேண்டாம். வருடக்கணக்கில் படிந்த பிசுக்கு ஒரே நேரத்தில் பெயர்ந்தால் சம்ப்பில் இருக்கும் வலையை அடைத்துக்கொள்ளும். அதற்குப் பதில் சிஐ-4 ஊற்றி 3,000 கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். மாற்றிய தேதி, மீட்டர் அளவு, கிரேடு, தரக்குறி நான்கையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி பானட்டுக்கு உள்பக்கம் ஒட்டுங்கள்.